சோளக் கதிர் பொக்கையாவது ஏன்? வீட்டுக் கொல்லையில் இனிப்புச் சோளம் வளர்க்கும் முறை

இரவுச் சந்தையில் ஆவி பறக்க விற்கப்படும் சோளத்தை வாங்கிச் சாப்பிடாத குடும்பம் மலேசியாவில் அரிது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருப்பவர்களுக்கு, அதைத் தாங்களே நட்டுப் பார்த்தால் என்ன என்ற ஆசை வருவது இயல்பு. கடையில் ஒரு பொட்டலம் விதை வாங்குகிறார்கள். வேலியோரமாக ஒரே வரிசையில் எட்டு, பத்து விதைகளை ஊன்றுகிறார்கள். இரண்டரை மாதம் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, புழு பார்த்து வளர்க்கிறார்கள். செடியும் ஆள் உயரத்துக்கு மேல் செழித்து நிற்கிறது.

ஆனால், கதிரை ஒடித்து உறையை உரித்தால் ஏமாற்றம். அங்கொன்றும் இங்கொன்றுமாக முத்துகள்; நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள். வீட்டுப் பிள்ளைகள் "பாட்டி பல்லு மாதிரி இருக்கே" என்று சிரிக்கிறார்கள். பெரியவர்கள் விதை சரியில்லை என்கிறார்கள். உரம் போதவில்லை என்கிறார்கள். கடைசியில் "நமக்குக் கைராசி இல்லை" என்று அடுத்த முறை அந்த இடத்தில் கத்தரியோ வெண்டையோ நட்டுவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பொக்கைக் கதிருக்குப் பெரும்பாலும் விதையோ உரமோ காரணமல்ல. செடிகள் நடப்பட்ட விதமே காரணம். சோளத்தை வேலியோரம் ஒற்றை வரிசையாக நடக்கூடாது. ஒரே இடத்தில் சதுரமாக, கூட்டமாக நட வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால், 4 அடிக்கு 8 அடி நிலத்திலும் கதிர் நிறைய முத்து பிடிக்க வைக்கலாம்.

ஒரு முடிக்கு ஒரு முத்து

கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் இருக்கின்றன. ஒரே ஒரு செடி இருந்தாலும் அது காய்க்கும். சோளம் அப்படியல்ல. ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. செடியின் உச்சியில் குச்சி குச்சியாக விரிந்து நிற்பது ஆண் பூங்கொத்து. நடுத்தண்டில் இலை இடுக்கிலிருந்து வெளிவரும் கதிர்தான் பெண் பூ.

கதிரின் நுனியில் தொங்கும் சோள முடியைப் பலர் வெறும் நார் என்று நினைக்கிறார்கள். அந்த முடி ஒவ்வொன்றும் கதிருக்குள் இருக்கும் ஒரு முத்துடன் இணைந்திருக்கிறது. ஒரு கதிரில் 500 முத்துகள் வர வேண்டுமானால் 500 முடிகளும் ஒவ்வொன்றாக மகரந்தத்தைப் பெற வேண்டும். மகரந்தம் ஒட்டிய முடியின் வழியாக அது உள்ளே இறங்கி, ஏறக்குறைய ஒரு நாளுக்குள் கருவுறச் செய்கிறது. அங்கே முத்து வளர்கிறது. மகரந்தம் கிடைக்காத முடியின் அடியில் முத்து இல்லை. அந்த இடம் ஓட்டையாகவே நின்றுவிடும்.

சோளத்துக்கு மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது தேனீயோ வண்டோ அல்ல, காற்று. உச்சியிலிருந்து பொடி போல உதிரும் மகரந்தம் காற்றில் மிதந்து, பெரும்பாலும் தன் செடியின் கதிரில் விழாமல் பக்கத்துச் செடிகளின் முடிமீதே விழுகிறது. ஒற்றை வரிசையில் நட்டால் என்ன நடக்கும்? காற்று பக்கவாட்டில் வீசும்போது மகரந்தம் அண்டை வீட்டுக் கூரைக்கும் பின்சாலைக்கும் போய்விடும். சதுரமாக நட்டால், எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அந்தப் பக்கத்தில் இன்னொரு சோளச் செடி நிற்கும்.

பெரிய சோளக் காடுகளில் ஆயிரக்கணக்கான செடிகள் இருப்பதால் இந்தக் கவலை இல்லை. பத்து, பதினைந்து செடி வைக்கும் வீட்டுத் தோட்டத்தில்தான் இது பெரிய விஷயமாகிறது.

விதை வாங்கும்போது

சந்தையில் வாங்கிய சோளக் கதிரிலிருந்து விதை எடுக்க முடியாது. சாப்பிடுவதற்கான சோளம் இளம் பருவத்திலேயே ஒடிக்கப்படுகிறது; அதன் முத்து இன்னும் முற்றவில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் பாப்கார்ன் சோளம் முளைக்கலாம். ஆனால் அதில் காய்ப்பதும் பொரிக்கும் சோளமே; இனிக்காது. ஆகவே, நர்சரியிலோ விவசாயப் பொருள் விற்கும் கடையிலோ இனிப்புச் சோள விதை என்று குறிக்கப்பட்ட பொட்டலத்தையே வாங்க வேண்டும். பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்ப்பது முக்கியம். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பழைய விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். மீந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம்.

பொட்டலத்தைத் திறந்தால் விதை சுருங்கி, வற்றிப்போனது போல இருக்கும். அது கெட்டுப்போன விதையல்ல. சாதாரணச் சோளத்தில் சர்க்கரை மாவாக மாறி விதை உருண்டு நிற்கும். இனிப்புச் சோளத்தில் இயற்கையான ஒரு மரபணு மாற்றத்தால் சர்க்கரை முழுவதும் மாவாக மாறுவதில்லை. காயும்போது விதை சுருங்கிவிடுகிறது. இன்று சந்தையில் அதிகம் காணப்படும் மிகை இனிப்பு ரகங்களுக்கு 1950களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் என்ற ஆய்வாளர் செய்த பணிதான் அடிப்படை. விதைக்குள் மாவு குறைவு என்பதால் முளைக்கும்போது அதற்குத் தெம்பும் குறைவு. அதனால்தான் இந்த விதையை ஆழமாக ஊன்றக்கூடாது. சேறாகிய மண்ணில் போடக்கூடாது. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. ஊறவைத்தால் அழுகிப்போகும் வாய்ப்பே அதிகம்.

சில விதைகள் இளஞ்சிவப்பு அல்லது வேறு நிறத்தில் இருக்கும். அது பூஞ்சைக்கொல்லி பூசப்பட்ட விதை. கையுறை போட்டு ஊன்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மீந்ததைக் கோழிக்குப் போடக்கூடாது. சிறு பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டார் ஜாகோங் புலூட் எனப்படும் ஒட்டுச்சோளம் நட்டிருந்தால், இரண்டும் ஒரே வாரத்தில் பூக்காதபடி திட்டமிட வேண்டும். இரண்டின் மகரந்தமும் கலந்தால், அதே பருவத்துக் கதிரிலேயே விளைவு தெரியும். கலந்து உண்டான முத்து இனிப்பாகவும் இருக்காது, ஒட்டும் தன்மையோடும் இருக்காது, மாவாகவே இருக்கும். இரண்டு வாரமாவது முன்பின்னாக விதைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இடமும் காலமும்

சோளத்துக்கு நேரடி வெயில் வேண்டும். ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் 8 மணி நேரம் வெயில் படும் இடமே ஏற்றது. மாமரத்தின் நிழலிலோ வீட்டுச் சுவரின் நிழலிலோ நட்டால் செடி மெலிந்து உயரும், கதிர் வைக்காது.

மலேசியாவில் ஆண்டு முழுவதும் சோளம் நடலாம். குளிர்காலம் இல்லாததால் முளைப்புக்குத் தடையில்லை. கவனிக்க வேண்டியது மழையை மட்டுமே. விதைத்த 50 நாள் அளவில் செடி பூக்கும். அந்த வாரத்தில் நாள் முழுவதும் மழை பெய்தால் மகரந்தம் நனைந்து உதிராது. கிளந்தான், திரெங்கானு, பகாங் போன்ற கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அங்கே செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் பூக்கும் நேரம் அந்த மழையில் போய் மாட்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரையொட்டியும் பிற்பகல் இடிமழை அதிகம். அங்கும் காலையில் மகரந்தம் உதிரும் என்பதால் பிற்பகல் மழை அவ்வளவு கெடுதல் செய்யாது. கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் அறுவடைக்குக் கூடுதல் நாள் ஆகும்.

மண்ணைப் பண்படுத்துதல்

செம்பனை, ரப்பர் தோட்டங்களை ஒட்டிய மண்ணும், புதிதாகக் கட்டப்பட்ட தாமான்களின் நிரப்பு மண்ணும் பொதுவாகப் புளிப்புத் தன்மை கொண்டவை. அப்படிப்பட்ட மண்ணில் சோளம் உரத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. நடுவதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் விவசாயச் சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூவி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிட வேண்டும்.

அதன் பிறகே எரு போட வேண்டும். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலந்தால் எருவில் உள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டுக்கும் ஒரு வார இடைவெளியாவது வேண்டும். எரு நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும். 4 அடிக்கு 8 அடி பாத்திக்கு ஏறக்குறைய 10 கிலோ மக்கிய எரு போதும்.

மழை நீர் தேங்கும் இடமாக இருந்தால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்ட வேண்டும். சோளத்துக்குத் தண்ணீர் பிடிக்கும். தேங்கிய தண்ணீர் பிடிக்காது.

நிலம் இல்லாத நகரவாசிகள் பாலிபேக்கிலும் நடலாம். 16 அங்குல அகலமுள்ள பையில் ஒரு செடி. ஆனால் பைகளை வீட்டைச் சுற்றி அங்கொன்று இங்கொன்றாக வைக்காமல், குறைந்தது 12 பைகளை ஒரே இடத்தில் நெருக்கமாகச் சதுரமாக அடுக்க வேண்டும். அடித்தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டு இல்லாமல் வைப்பதே நல்லது. தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாயையும் மூடி வைக்க வேண்டும்.

சதுரமாக நடுதல்

4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள பாத்தியில், 2 அடிக்கு ஒரு வரிசை என்று குறுக்காக நான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அடிக்கு ஒரு குழி என்று நான்கு குழிகள். மொத்தம் 16 செடிகள். இதற்குக் குறைந்தால் கதிர் நிறைவது சிரமம். இடம் இருந்தால் 5 வரிசை, 6 வரிசை என்று கூட்டிக்கொள்ளலாம். இருக்கும் 16 செடிகளை 2 வரிசையில் எட்டெட்டாக நடுவதைவிட 4 வரிசையில் நான்கு நான்காக நடுவதே மேல்.

ஒவ்வொரு குழியிலும் இரண்டு விதைகள், ஓர் அங்குல ஆழத்தில். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். மண்ணை மூடி, பூவாளியால் மெதுவாக நனைக்க வேண்டும். நான்கு முதல் ஏழு நாட்களில் முளை வெளிவரும். ஒரு சாண் உயரம் வந்ததும் ஒவ்வொரு குழியிலும் தெம்பான செடியை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் அடியோடு வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிவிடும். இரண்டு செடியையும் விட்டு வைத்தால் இரண்டு கதிர் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. இரண்டும் போட்டியிட்டு இரண்டும் நோஞ்சானாகும்.

எறும்பும் எலியும் புறாவும் விதையைத் தூக்கிச் செல்லும் இடங்களில், காகிதக் கோப்பைகளில் முளைக்கவைத்துப் பத்து நாளுக்குள் வேர் கலையாமல் எடுத்து நடலாம். நாள் தள்ளிப்போனால் வேர் சுருண்டு, செடி வளர்ச்சி குன்றிவிடும். சில குழிகளில் முளைக்காமல் போனால் அந்த இடத்தில் உடனே மறுவிதைப்பு செய்ய வேண்டும். மூன்று வாரம் கழித்து நட்ட செடி மற்றவற்றோடு சேர்ந்து பூக்காது.

முதல் ஒன்றரை மாதம்

சோளம் உரத்தை அதிகம் கேட்கும் பயிர். முளைத்து இரண்டு வாரத்தில் 15:15:15 கலப்பு உரத்தைச் செடிக்கு இரண்டு தேக்கரண்டி போடலாம். நான்காவது வாரத்தில், செடி முழங்கால் உயரம் வரும்போது, ஒரு தேக்கரண்டி யூரியா. பூங்கொத்து தலைகாட்டும்போது மீண்டும் இரண்டு தேக்கரண்டி கலப்பு உரம். உரம் தண்டில் படக்கூடாது. நான்கு அங்குலம் தள்ளிப் போட்டு, மண்ணால் மூடி, தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழ் இலைகள் நடுநரம்பு வழியாக மஞ்சளித்தால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். இலை ஓரம் ஊதா நிறமானால் வேர் வளர்ச்சியும் மணிச்சத்தும் குறைவு.

யூரியா போடும் அதே நாளில் களையெடுத்து, இரு பக்கமும் மண்ணை இழுத்துத் தண்டைச் சுற்றி அணைக்க வேண்டும். சில நாட்களில் அடிக்கணுவிலிருந்து தடித்த தாங்கு வேர்கள் இறங்கி மண்ணைப் பற்றிக்கொள்ளும். மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென்று வீசும் சுமத்ரா காற்றில் செடி சாயாமல் நிற்க இந்த வேர்களே உதவும். சாய்ந்துவிட்டால், பூக்காத செடி பெரும்பாலும் தானாகவே நிமிரும். இழுத்து நிமிர்த்தி வேரை அறுத்துவிடக்கூடாது.

அடியில் முளைக்கும் பக்கக் கிளைகளை ஒடிக்க வேண்டிய அவசியமில்லை. அவை கதிரைப் பாதிப்பதில்லை.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி அடித்த பம்பைக் கழுவிவிட்டோம் என்று நினைத்து அதிலேயே சோளத்துக்குத் தண்ணீரோ இலை உரமோ தெளிக்கக்கூடாது. புல்லைக் கொல்லும் மருந்து சோளத்தையும் கொல்லும். சோளமும் புல் குடும்பமே. மருந்து வந்த காலி டப்பாக்களைத் தண்ணீர் ஊற்றப் பயன்படுத்துவதும் ஆபத்து.

குருத்தைத் தின்னும் படைப்புழு

இப்போது சோளத்தின் பெரிய எதிரி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவிய படைப்புழு. 2016இல் ஆப்பிரிக்காவிலும், 2018இல் இந்தியாவிலும், 2019இல் மலேசியாவிலும் இது கண்டறியப்பட்டது. அந்துப்பூச்சி இரவில் பறந்து வந்து இலையில் குவியலாக முட்டையிடும். குஞ்சுப் புழு இலையைச் சுரண்டும். பெரிதானதும் குருத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். தலையில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில ஒய் எழுத்துப் போன்ற கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுதான். குருத்தில் மரத்தூள் போன்ற கழிவு கிடப்பதும் அடையாளம்.

16 செடி உள்ள வீட்டுத் தோட்டத்துக்கு மருந்தைவிடக் கண்ணும் கையும் போதும். முளைத்த இரண்டாவது வாரத்திலிருந்து பூங்கொத்து வரும்வரை, இரண்டு நாளுக்கு ஒரு முறை காலையிலோ மாலையிலோ குருத்தைப் பார்க்க வேண்டும். முட்டைக் குவியலை நசுக்கிவிட வேண்டும். புழுவைக் குச்சியால் எடுத்துக் கொல்ல வேண்டும். மீறிப் போனால் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை மாலையில் குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்கலாம். புழு சிறிதாக இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். வேறு பூச்சிக்கொல்லி தெளித்தால், எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று லேபிளில் போட்டிருப்பதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

இலையில் வெளிறிய நீளக் கோடுகளும், காலையில் இலையின் அடியில் வெண்மையான பொடியும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தச் செடி தேறாது. மற்றவற்றுக்குப் பரவும் முன் பிடுங்கிக் கட்டிக் குப்பையில் போட வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது.

பூக்கும் வாரத்தில் செய்ய வேண்டியது

இத்தனை நாள் உழைப்பின் பலன் இந்த ஒரு வாரத்தில்தான் தீர்மானமாகிறது. உச்சியில் பூங்கொத்து விரிந்து ஓரிரு நாளில் கதிர் நுனியில் பளபளப்பான முடி வெளிவரும். கதிரின் அடிப்பகுதி முத்துகளின் முடி முதலில் வரும். நுனி முத்துகளின் முடி கடைசியில் வரும். முடிகள் எல்லாம் வெளிவர நான்கைந்து நாள் ஆகும். பூங்கொத்தும் ஏறக்குறைய ஒரு வாரம் மகரந்தம் உதிர்க்கும். இரண்டும் சந்திக்கும் அந்த நாட்களில் தண்ணீர் குறையவே கூடாது. மண் காய்ந்தால் முடி வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் தீர்ந்துபோகும்.

தண்ணீரை வேருக்குத்தான் ஊற்ற வேண்டும். குழாயை உயர்த்திப் பிடித்துச் செடியின் தலையில் பீய்ச்சினால் மகரந்தம் கழுவிப் போய்விடும். பலர் அறியாமல் செய்வது இது.

வீட்டுத் தோட்டக்காரர்கள் காற்றை மட்டும் நம்பியிருக்காமல் கையாலும் உதவலாம். காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், பனி ஈரம் உலர்ந்த பிறகு, பூங்கொத்தைக் காகிதப் பையின் வாய்க்குள் மெதுவாக வளைத்துத் தட்ட வேண்டும். மஞ்சள் பொடி விழும். நாலைந்து செடிகளின் பொடியை ஒன்றாகச் சேர்த்து, விரலாலோ மென்மையான தூரிகையாலோ எல்லாக் கதிர்களின் முடிமீதும் தூவ வேண்டும். மகரந்தம் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் எடுத்த உடனே தூவ வேண்டும். மாலைக்கு எடுத்து வைக்க முடியாது. இதை நான்கைந்து நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். ஒரே நாளில் நிறுத்திவிட்டால் பிறகு வரும் முடிகளுக்கு மகரந்தம் கிடைக்காது. 16 செடிக்குக் காலையில் கால் மணி நேரம் போதும். பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். பாடப் புத்தகத்தில் படிக்கும் மகரந்தச் சேர்க்கையைக் கண்ணால் பார்ப்பார்கள்.

மகரந்தம் கிடைத்த முடி சில நாளில் பழுப்பாகிச் சுருங்கும். எலி, அணில், பறவை தொல்லை உள்ள இடங்களில் கதிருக்கு வலைப் பையோ காகித உறையோ மாட்டலாம். ஆனால் முடி காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். முன்கூட்டியே மாட்டினால் மகரந்தம் உள்ளே போகாது. பாதுகாப்பே பொக்கைக்குக் காரணமாகிவிடும்.

கதிர் சொல்லும் காரணம்

உரித்த கதிரைப் பார்த்தே என்ன தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

நுனியில் மட்டும் ஓரிரு அங்குலம் முத்து இல்லை என்றால், கடைசியாக வந்த முடிகளுக்கு மகரந்தம் எட்டவில்லை, அல்லது முத்து பிடித்த பிறகு தண்ணீரோ உரமோ போதாமல் போனது. இது பெரிய குறையல்ல.

கதிர் முழுவதும் அங்கங்கே ஓட்டை இருந்தால் மகரந்தம் குறைவு. அடுத்த முறை வரிசைகளைக் கூட்டிச் சதுரமாக நட வேண்டும். கையாலும் தூவ வேண்டும்.

கதிரில் முத்தே இல்லை என்றால், முடி வரும் முன்பே மகரந்தம் தீர்ந்திருக்கலாம், அல்லது புழுவோ வண்டோ பச்சை முடியைக் கடித்துத் தின்றிருக்கலாம்.

முத்து நிறைந்திருந்தும் இனிப்பில்லாமல் மாவாக இருந்தால், வேறு வகைச் சோளத்தின் மகரந்தம் கலந்திருக்கும்; அல்லது நாள் கடந்து முற்றியிருக்கும்.

செடி உயரமாக இருந்தும் கதிரே வைக்கவில்லை என்றால் நிழல் அதிகம், அல்லது செடிகள் மிகவும் நெருக்கம்.

எப்போது ஒடிப்பது?

முடி வெளிவந்த 18ஆம் நாளிலிருந்து கதிரைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். 18 முதல் 22 நாளுக்குள் கதிர் தயாராகிவிடும். விதைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் ரகத்தைப் பொறுத்து 65 முதல் 75 நாள். முடி முழுவதும் பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். கதிரைப் பிடித்தால் நுனிவரை தடிமனாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கதிரின் உறையை லேசாக விலக்கி ஒரு முத்தை நகத்தால் குத்திப் பார்க்கலாம். தெளிந்த தண்ணீர் வந்தால் இன்னும் இளசு. பால் போல வந்தால் சரியான பருவம். மாவு போலக் கெட்டியாக வந்தால் முற்றிவிட்டது. இந்தப் பால் பருவம் நம் நாட்டு வெப்பத்தில் சில நாளே நிற்கும் என்பதால் தினமும் பார்க்க வேண்டும்.

காலை வேளையில், கதிரைக் கீழ்நோக்கி வளைத்துத் திருகி ஒடிக்க வேண்டும். ஒடித்த நொடியிலிருந்தே சர்க்கரை குறையத் தொடங்குகிறது. பழைய இனிப்பு ரகங்களில் வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே பாதி இனிப்புப் போய்விடும். மிகை இனிப்பு ரகங்களில் இது மெதுவாக நடக்கும். உடனே சமைக்க முடியாதவர்கள் உறையோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் ஒடித்து வந்து, ஐந்து நிமிடம் வேகவைத்துச் சாப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குச் சந்தைச் சோளத்துக்கும் வீட்டுச் சோளத்துக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

ஒரு செடியில் ஒரு நல்ல கதிர் என்று எதிர்பார்க்கலாம். இரண்டாவது கதிர் வந்தாலும் சிறியதாகவே இருக்கும். 16 செடிக்கு 16 கதிர் என்பது பெரிய வருமானமல்ல. ஆனால் ஒரு குடும்பம் வயிறார இரண்டு, மூன்று முறை சாப்பிடலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். அறுவடை முடிந்த பச்சைத் தட்டையை மாடு, ஆடு வளர்ப்பவர்கள் தீவனமாக எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நறுக்கி உரக்குழியில் போடலாம்.

அடுத்த நடவு

எல்லாக் கதிரும் ஒரே வாரத்தில் வந்துவிடுவதால், தொடர்ந்து சோளம் வேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இன்னொரு பாத்தியில் 16 செடிகள் நடலாம். ஒரே பாத்தியில் பாதியை இன்றும் பாதியை மூன்று வாரம் கழித்தும் நடக்கூடாது. அப்படிச் செய்தால் இரண்டு பாதிக்கும் மகரந்தம் போதாது. அறுவடை முடிந்த பாத்தியில் அடுத்து பயற்றங்காய் அல்லது நிலக்கடலை நட்டால், சோளம் உறிஞ்சிய தழைச்சத்தை மண் ஓரளவு திரும்பப் பெறும். படைப்புழுவுக்கும் அந்த இடத்தில் விருப்பமான உணவு இருக்காது.

ஒரு கதிரை முற்றவிட்டு விதைக்கு எடுத்து வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. கடையில் கிடைக்கும் இனிப்புச் சோள விதை பெரும்பாலும் கலப்பின ரகம். அதிலிருந்து எடுக்கும் விதை முளைக்கும். ஆனால் செடிகள் ஒன்றுபோல வளராது, ஒரே நாளில் பூக்காது, தாய்ச் செடியின் தரமும் இருக்காது. ஒரே சமயத்தில் பூப்பதே சோளத்துக்கு முக்கியம் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிய விதை வாங்குவதே லாபம்.

விதைப்பதற்கு முன் பாத்தியை அளந்து, நான்குக்கு நான்கு என்று குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. விதைத்த தேதியை நாட்காட்டியில் எழுதி, அதிலிருந்து 45ஆம் நாளையும் வட்டமிட்டு வைக்க வேண்டும். அன்று முதல் தினமும் காலையில் உச்சிப் பூங்கொத்தைப் பார்த்து, மகரந்தம் உதிரத் தொடங்கியதும் காகிதப் பையோடு இறங்கிவிட வேண்டும். போன முறை பொக்கைக் கதிரைப் பார்த்துக் கைராசியை நொந்துகொண்டவர்கள், அதே விதையை, அதே மண்ணில், இந்த முறை சதுரமாக நட்டுப் பார்க்கலாம்.